மாட்டு வண்டிக்கு முதல் இடம்

வில்லாபுரம் கடையின் டி.வி.யில் ஒரு பீரோ தெரிந்தது. அதன் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே லாக்கரின் பிடியில் ஒரு கை இருந்தது. மூன்று நிமிடம் நாற்பது வினாடிக்கு அந்தக் கை அசையவே இல்லை. மகளின் சீருக்குப் பீரோ பார்க்க வந்திருந்த அவனியாபுரத்து அம்மாள் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்தக் கையும் பீரோவோட வருமா, இல்ல அதுக்குத் தனி வெலையா?" என்று கேட்டார். உடன் வந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். சிரித்தபடியே எழுந்து அடுத்த கடைக்குப் போனார்கள்.

நேரத்தை நான் ஊகமாக எழுதவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அன்றே நாட்குறிப்பில் குறித்தது.

கை எங்கள் சின்ன முதலாளியுடையது. அவர் அப்போது நகரத்தின் மறுகோடியில், திண்டுக்கல் சாலையில், சரக்கு அடுக்கும் பரவைக் கிட்டங்கியில் நின்றுகொண்டிருந்தார். தன் கை இங்கே நின்றுபோனது அவருக்குத் தெரியாது. அவர் பீரோவைத் திறந்து மூடி, சாவி போட்டுக் காட்டி, கும்பிடும் போட்டு முடித்துவிட்டார்.

முதலாளிகள் அண்ணன் தம்பி இருவர். சௌராஷ்டிரக் குடும்பம். தங்களுக்குள் வீட்டு மொழியில் பேசிக்கொள்வார்கள். எங்களைத் திட்டுவதற்குத் தமிழுக்கு வருவார்கள். பீரோ, கட்டில், அண்டா, குத்துவிளக்கு என்று கல்யாணச் சீர்ச் சாமான் வியாபாரம். கடையில் பீரோ வைக்க இரண்டுக்குத்தான் இடம். மற்றவை பரவையில். வாங்க வருபவர்களை வேனில் ஏற்றி அங்கே கொண்டுபோனால், வழி நெடுக வேறு கடைகள் இருக்கின்றன. ஒரு முறை வேன் காலியாகவே போய்ச் சேர்ந்தது. அதனால்தான் சின்னவர் கேமரா வாங்கினார்.

இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு வாடகை லைன் இருந்தது. அதன் கொள்ளளவு வினாடிக்கு நூற்று இருபத்தெட்டு கே, அதாவது கிலோபிட். இன்றைக்கு அதில் ஒரு புகைப்படம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். பில்லும் சரக்குப் பட்டியலும் போய்வருவதற்காகப் போட்ட லைன் அது. ஆனால் பெரியவருக்கு லாரி விஷயத்தில் ஒரு கொள்கை உண்டு: சரக்கு இறக்கிய லாரி காலியாகத் திரும்பக் கூடாது. வாடகை கட்டுகிற லைனும் சும்மா கிடக்கக் கூடாது என்று கிட்டங்கிக்குப் பேசும் போனை அதிலேயே ஏற்றினார். பிறகு தம்பி படத்தை ஏற்றினார். பில் பிரிவிலிருந்து பட்டியல் கிளம்பினால் போதும், போனில் பேசுபவர் கிணற்றுக்குள் வாய் கொப்பளிப்பதுபோல் கேட்பார், டி.வி.யில் கை நின்றுவிடும்.

இதற்கெல்லாம் பொறுப்பு நான். பதினொரு வருடம் அதே கடையில் பேக்கிங் பிரிவில் அண்டாவுக்கு வைக்கோல் சுற்றியவன். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, நாற்பது வயதில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜையும் பூட்டு உள்ள டிராயரும் வாங்கியிருந்தேன். அவனியாபுரத்து அம்மாள் போன பிறகு பெரியவர் என் மேஜைக்கு வந்தார். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் பாப்பேன். சரியாகலைன்னா லைன வெட்டிருவோம். நீங்க பழையபடி பேக்கிங்குக்குப் போயிருங்க."

அப்போது ஆனிக் கடைசி. ஆடியில் யாரும் பீரோ வாங்க மாட்டார்கள். எனக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வைக்கோல் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

வழி என் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. லைன் வந்து சேரும் ரூட்டரில், எதை முதலில் அனுப்புவது, எதைக் காக்க வைப்பது என்று வரிசை எழுதலாம். இரண்டு நாள் புத்தகம் பார்த்துப் புரிந்துகொண்டேன். மூன்றாம் நாள் காலை எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

"வைகைத் தரைப்பாலத்த நெனச்சுக்குங்க. ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் போக முடியும். பேச்சு வந்து ஆம்புலன்ஸ். அரை வினாடி தாமதமானாலும் கெட்டுப்போகும். அத மொதல்ல விடணும். படம் டவுன் பஸ். அது ரெண்டாவது. பில்லு மாட்டு வண்டி மாதிரி. நாலு வினாடி பிந்திப் போனாலும் சரக்கு கெடாது. அது கடைசியா வரட்டும்."

சொல்லிவிட்டு, அழகாக அடித்துக் கோடு போட்டு, ஒன்று பேச்சு, இரண்டு படம், மூன்று பில் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அது இரண்டாம் தவறு.

பில் பிரிவுக்குத் தலைவர் ஒரு அண்ணன். கடையில் இருபத்தேழு வருடம். பெரியவரின் அப்பா காலத்து ஆள். முதலாளிகளே அவரிடம் கேட்டுத்தான் எதையும் செய்வார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பலகையை ஒரு முறை படித்தார். கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொரு முறை படித்தார்.

"அப்ப நான் மாட்டு வண்டி," என்றார்.

அன்று மாலை டீயை அவர் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. கேட்டால் மாட்டு வண்டிக்காரனுக்கு எதற்கு டீ, தண்ணீர் காட்டினால் போதாதா என்றார். பரவையிலிருந்து சின்னவர் கூப்பிட்டு, கேமரா வாங்கியது தன் சொந்த யோசனை என்றும், வெறும் பேச்சுக்குக் கீழே அதை உட்கார வைத்தது யாரைக் கேட்டு என்றும் விசாரித்தார். பேக்கிங் பிரிவு இந்த வரிசையிலேயே இல்லை. அவர்கள் அதற்காக வருத்தப்பட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வரிசை என்றால் சும்மா இல்லை. திருவிழாவில் வெற்றிலைத் தட்டு முதலில் யார் வீட்டுக்கு என்பதற்காகத் தேரே நின்றிருக்கிறது. எங்கள் குடும்பம் அந்தச் சண்டைகளை வரப்பில் நின்று பார்த்த குடும்பம். என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அந்தத் தட்டு முதலாவதாக மட்டுமல்ல, முப்பதாவதாகக்கூட எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வரிசை எழுத, பெரிய மனிதர்கள் அதற்காக டீ குடிக்காமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு உள்ளூரச் சிரிப்பாகத்தான் இருந்தது. வெளியே சிரிக்கவில்லை. மேஜை போய்விடும்.

தாள் ஒட்டிய நான்காம் நாள் பெரியவர் பஞ்சாயத்து வைத்தார். தங்கள் கோவிலில் இரண்டு குடும்பத்துக்கு மாலைத் தகராறு வந்தபோது தாம் தீர்த்துவைத்த கதையைச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மாலை போட்டார்களாம். பிறகு என்னைப் பார்த்து, "மூணையும் ஒண்ணாம் நம்பர்ல வச்சிருங்க. யாருக்கும் கொறையில்ல," என்றார்.

மூன்றும் முதல் என்றால் முதல் என்று ஒன்று இல்லை. ரூட்டரில் நாம் எதுவுமே எழுதவில்லை என்று அதற்குப் பொருள். இதைச் சொல்ல வாயெடுத்தேன். பில் அண்ணன் அப்போதுதான் நான்கு நாளுக்குப் பிறகு டீ டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். சொல்லவில்லை. முதலாளி சொன்னபடியே மூன்றையும் முதலில் வைத்தேன். கொப்பளிப்புச் சத்தம் ஒரு துளி குறையவில்லை. ஒரு வாரம் அப்படியே போயிற்று. ஆடி பதினெட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அந்த ஐந்து நாளில் ஒரு சாயங்காலம் எனக்கு ஒன்று தோன்றியது. இவர்களுக்கு வேண்டியது வரிசையில் பெயர். எனக்கு வேண்டியது வரிசையில் வேலை. ரூட்டரில் ஒவ்வொரு வரிசைக்கும் நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். என்ன பெயர் வைத்தாலும் அது கண்டுகொள்ளாது. கூட எழுதியிருக்கும் எண்ணைத்தான் பார்க்கும். ஆகவே பில் போகும் வரிசைக்கு 'முதல்' என்று பெயர் வைத்தேன். படத்துக்கு 'முக்கியம்'. பேச்சுக்குக் 'கடைசி'. எண்களை மட்டும் நான் நினைத்தபடி போட்டேன். 'கடைசி' எப்போதும் முன்னால் போகும். 'முக்கியம்' அதற்குப் பின்னால். இருவரும் போக மிச்சம் இருந்தால் 'முதல்' நகரும்.

பலகையில் புதுத் தாள் ஒட்டினேன். முதல் இடம்: பில். முக்கிய இடம்: படம். கடைசி இடம்: பேச்சு. பில் அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். அந்த வெள்ளிக்கிழமை பலகையின் மூலையில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது.

பேச்சு கண்ணாடிபோல் கேட்டது. படம் ஓடியது. பட்டியல் முன்னைவிட மெதுவாகத்தான் போனது. ஆனால் பில் அண்ணன் என்னிடம் வந்து, "மொத எடம் குடுத்ததும் எம்புட்டு வெரசாப் போகுது பாத்தியா தம்பி," என்றார். ஆமாம் என்றேன். பேச்சு தெளிவானதில் ஒரு கெடுதலும் வந்தது. பரவைக்காரர்களும் கடைக்காரர்களும் மதியம் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை பேசத் தொடங்கினார்கள். நான்கு போன் ஒரே நேரத்தில் ஓடினால் படத்துக்கு இடம் இராது. ஒரே நேரத்தில் இரண்டு போனில்தான் பேசலாம் என்று வரம்பு வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கவலையே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினேன். அந்த வரியை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆவணியின் முதல் வெள்ளி; பெரியவர் கொடுத்த கெடுவின் கடைசி நாள். காலை 9.50க்குச் சோழவந்தானிலிருந்து பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள். பீரோ வாங்கிக் கொடுப்பது பெண்ணின் தாய்மாமன். அவருக்கு நடு நாற்காலி. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முன்பணம் கை மாற வேண்டும், இல்லையென்றால் இன்று வாங்குவதில்லை என்று வந்தவுடனே சொல்லிவிட்டார். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றைக்குத்தான் என்று அதற்கு அர்த்தம்.

படம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. பரவையில் சின்னவர் கதவைத் திறந்தார், லாக்கரைத் திறந்தார், கையை வெளியே எடுத்தார். மாமன் கடைசிவரை பார்த்துவிட்டு, "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தட்டிக் காட்டுங்க," என்றார்.

எங்கள் ஊரில் யாரும் பீரோவைக் கண்ணால் வாங்குவதில்லை. விரல் முட்டியால் கதவின் நடுவில் தட்டி, சத்தத்தை வைத்துத் தகட்டின் கனத்தைச் சொல்வார்கள். பதினொரு வருடம் அந்தச் சத்தத்தின் நடுவிலேயே உட்கார்ந்து வைக்கோல் சுற்றியவன் நான். கேமரா வந்ததிலிருந்து எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை, முதலாளிகளுக்கும் வரவில்லை.

பெரியவர் போனை மாமன் கையில் கொடுத்தார். அங்கே சின்னவர் போனைக் கதவோரம் பிடித்துக்கொண்டு தட்டினார். மாமனின் முகம் மாறியது.

"என்னங்க, பிஸ்கட் டப்பாவத் தட்டுறாக?"

எழுந்து போய்க் கடையிலிருந்த பீரோவைத் தட்டினார். ணங். போனை மறுபடி காதில் வைத்தார். டொப். இரண்டும் ஒரே பட்டறை, ஒரே தகடு என்று பெரியவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். "நீங்க சொல்லுவீக. காது வேற சொல்லுதே," என்றார் மாமன். பெண்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். மணி 10.11.

எனக்குப் புரிந்துவிட்டது. லைனில் இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பேச்சை எட்டில் ஒரு பங்காக நசுக்கித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த நசுக்கல் மனிதக் குரலுக்கென்று அளவெடுத்துத் தைத்தது. மனிதன் பேசினால் மனிதன் மாதிரியே கேட்கும். இரும்பு பேசினால் தகரமாகிவிடும். நசுக்காமல் அனுப்பலாம். அதற்கு ஒரு போனுக்கே எண்பது கே வேண்டும். மிச்சத்தில் படம் ஓடாது. படத்தை நிறுத்த வேண்டும், பட்டியலை நிறுத்த வேண்டும், இப்போது பேசும் போனையும் வைத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

பெரியவரின் காதருகே போய், போனை வைக்க வேண்டும், டி.வி.யையும் நிறுத்த வேண்டும் என்றேன். முகூர்த்த நேரத்தில் பந்தலைப் பிரிக்கச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார்.

"ரெண்டையும் எடுத்துட்டா அவுகளுக்கு எதக் காட்டுறது?"

"காட்ட வேணாம் முதலாளி. கேக்க வைப்போம்."

கடிகாரத்தைப் பார்த்தார். "பேக்கிங்க நெனச்சுக்கிட்டுச் செய்யுங்க," என்றார்.

மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பின்னால் ஒரு கை என் தோளைப் பிடித்தது. பட்டியல் ஏன் நின்றது என்று கேட்க வந்த பில் அண்ணன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் எண் என்றால் கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பவர். திரையில் 'கடைசி' என்ற பெயருக்கு நேரே எண்பது என்று நான் அப்போதுதான் அடித்திருந்தேன். 'முதல்' என்பதற்கு நேரே ஒன்றும் இல்லை.

"கடைசிக்கு எண்பதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரு எனக்கு, லைனு அவனுக்கா?"

மறைப்பதற்கு நேரம் இல்லை. "ஆமாண்ணே. மொதல்ல இருந்தே அப்பிடித்தான். ராகு காலத்துக்கு அப்புறம் எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க. இப்பத் தோள மட்டும் விட்டுருங்க."

விட்டார். ஆனால் நகரவில்லை.

டி.வி. இருண்டது. பெரியவர் மறுபடி போன் போட்டார். எடுத்தவுடன் சின்னவர், படத்தை அணைத்தது யார் என்று வீட்டு மொழியில் கேட்டது, நசுக்காத முழுக் குரலில், நான் இருந்த இடம்வரை கேட்டது. பெரியவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, இரண்டு சொல் பதில் சொல்லிவிட்டு மாமனிடம் நீட்டினார்.

மாமன் கடைப் பீரோவை ஒட்டி, டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மறுகாதை விரலால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"தட்டுங்க. இன்னொருக்கா. கீழ தட்டுங்க. முதுகுல."

கண்ணைத் திறக்காமலே, காதை அடைத்திருந்த இடது கையை எடுத்து நீட்டிப் பக்கத்திலிருந்த கடைப் பீரோவைத் தட்டினார். ஒரு காதில் அது, ஒரு காதில் இது. 10.19க்கு, "இரும்புதான்," என்றார். அத்தோடு விடவில்லை. போனைத் தங்கையிடம் கொடுத்தார். அவர் கேட்டுவிட்டுக் கணவரிடம் கொடுத்தார். இப்படி வந்திருந்த பதினான்கு பேரும் ஆளுக்கு ஒரு தட்டுக் கேட்டார்கள். பரவையில் சின்னவர் பதினான்கு முறையும் தட்டினார். முட்டி சிவந்துவிட்டதென்று பிறகு காட்டினார். 10.27க்கு முன்பணம் கை மாறியது.

அவர்கள் போனதும் சின்னவர் கூப்பிட்டார். அத்தனை பேர் முன்னால் தன் படத்தை அணைத்த லைன் தேவையில்லை, வெட்டிவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னார். பெரியவர் யோசித்தார். பீரோ விற்றது உண்மை. தம்பி மனம் நொந்ததும் உண்மை. இந்த மாதிரி இக்கட்டில் அவர் எப்போதும் செய்வதைத்தான் அன்றும் செய்தார். பில் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. வச்சுக்கலாமா, வெட்டிரலாமா?"

நான் பேக்கிங் பிரிவுப் பக்கம் பார்த்தேன். வாசலில் ஒரு கட்டு வைக்கோல் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. பில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போட்டுக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல அவருக்குக் காரணமும் இருந்தது.

"கணக்குக்கு மொத எடம்னு எழுதி ஒட்டின லைன் முதலாளி. இருபத்தேழு வருசத்துல வேற எவன் ஒட்டினான்? அதப் போயி வெட்டலாமா?"

பெரியவர் தலையசைத்தார். விஷயம் முடிந்தது.

மதியம் பில் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "ரெண்டு மணிக்கு அம்புட்டுப் பேரும் சாப்பிடப் போயிருவாக. அப்ப ஒரு பத்து நிமிசம் அந்த எண்பத எனக்குக் குடு. பேருக்குக் குடுக்காத. நெசத்துக்குக் குடு."

சரி என்றேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரும் பேசாமல், படமும் ஓடாமல் இருக்கும் நேரத்தில் ரூட்டர் லைன் முழுவதையும் தானாகவே பில்லுக்கு விட்டுவிடும். எண்பது அல்ல, நூற்று இருபத்தெட்டும். அது அவருக்கு முன்பே இருந்தது. நான் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் தோளை விட்ட மனிதரிடம் அதைச் சொல்வது மரியாதையாகப் படவில்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு வந்து பின்னால் நின்றார். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கீபோர்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் நீளக் கட்டையை ஒரே ஒரு முறை அழுத்தினேன். அவர் வேகமாகத் தன் இடத்துக்குப் போய்ப் பட்டியலை அனுப்பினார். வழக்கமாக ஒன்றரை நிமிடம் இழுப்பது இருபத்திரண்டு வினாடியில் போய்ச் சேர்ந்தது.

"பாத்தியா தம்பி, நெசமாக் குடுத்தா எப்பிடிப் பறக்குது," என்றார்.

இருபத்திரண்டு வினாடி என்பதை மட்டும் அன்றைய குறிப்பில் எழுதினேன். அதற்குப் பிறகு நான்கு வருடம், ஞாயிறு தவிர, தினமும் இரண்டு மணிக்கு அந்தக் கட்டையை அழுத்தினேன்.